பதினான்காம் எண் குட்டை

எறையூர்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள பானு,

நீ நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை நடக்கிறது. கொடியில் காயும் துணியெல்லாம் கரித்தூள்.

நீ ஆண்டிமடத்தில் கொசு ஒழிப்புப் பணிக்கு மேற்பார்வையாளராகச் சேர்ந்தது, எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த மருந்தடிப்புப் பணியாளர் செல்லதுரை சொல்லித்தான் தெரிந்தது. "பானு மேடம்தான் எங்களுக்கு" என்றார். நான் உன் கணவன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆனது.

பெரம்பலூர் ஆய்வுக்கூடத்தில் உங்கள் பகுதிக் கொசுப்புழுக்களைச் சோதிக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. குட்டைக்கு ஒரு பாட்டில். பாட்டில் மேல் குட்டையின் எண் மட்டும் போதும். முழுக்க நிரப்ப வேண்டாம், வாயில் துணி கட்டு. ஜெயங்கொண்டத்தில் பெரம்பலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் வந்துவிடும். கூடவே ஒரு தாளில் தேதியும் தண்ணீரின் நிலையும் எழுத வேண்டும். அதே தாளில் நீ எப்படி இருக்கிறாய் என்றும் இரண்டு வரி எழுதலாம்.

எப்போது வருகிறாய்?

உன்
அழகன்


ஆண்டிமடம்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அத்தையின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் வேண்டாம், சூட்டு ஒத்தடம் போதும் என்று சொல்லுங்கள்.

பாட்டில்கள் வருகின்றன. முந்திரி பூத்திருக்கிறது. எண் ஆறில் தண்ணீருக்கு மேலேயே பூ மிதக்கிறது. அதையும் சேர்த்து மொண்டுவிட்டார்கள். எடுத்துப் போட்டுவிடுங்கள், அல்லது வைத்துக்கொள்ளுங்கள்.

காலையிலும் மாலையிலும் அம்மாவின் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடைக்க வேண்டும். பிறகு தலையணைமேல் தூக்கி வைக்க வேண்டும். யானைக்கால் என்ற சொல்லை அம்மா சொல்லவிடுவதில்லை. 'பெரிய காலு' என்பாள். சின்னக் காலுக்குப் பொறாமையாம், பெரிய காலுக்கு மட்டும் தினம் இரண்டு குளியல் என்று.

போனில் கேட்டதையே தாளிலும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வருஷமாக அதே கேள்வி, அதே குரல். எனக்குப் பழகிவிட்டது. இப்போதெல்லாம் காதில் விழுவதே இல்லை. கோபத்தில் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அந்தப் பின்னறைக்கு ஜன்னல் வைத்தாச்சா?

பானு


பெரம்பலூர்
12 மார்ச் 2024

அன்புள்ள பானு,

உன் நலமும் அத்தையின் நலமும் வேண்டும் எனக்கு. என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் புழுக்கள் சாகவில்லை.

கப்புக்கு இருபத்தைந்து புழு விட்டு நீங்கள் குட்டையில் போடும் அதே மருந்துப்பொடியைக் கரைத்து ஊற்றினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நீந்திக்கொண்டிருக்கின்றன. பத்து மடங்கு ஊற்றினேன். அப்போதும் அப்படியே.

செல்லதுரைக்குப் புரியும்படி நீ சொல்ல வேண்டியிருக்கும். இப்படிச் சொல். அந்தப் பொடி ஒரு பாக்டீரியாவிலிருந்து செய்தது. புழு அதைத் தின்றால் குடலில் ஒரே ஒரு இடத்தில் போய் ஒட்டும். ஒட்டினால்தான் சாவு. ஆயிரத்தில் ஒன்று அந்த இடம் இல்லாமலே பிறந்திருக்கும். ஏழெட்டு வருஷம் ஒரே பொடியைப் போட்டால் மற்றவை செத்து, அந்த ஒன்றின் பிள்ளைகள் மட்டும் மிச்சமிருக்கும். பிறகு எவ்வளவு கொட்டினாலும் வீண்.

அதிகமாகப் போடுவது தீர்வு இல்லை. நிறுத்த வேண்டும். பழைய பொடிக்குப் பதிலாக வேறொரு பாக்டீரியாப் பொடி அனுப்புகிறார்கள். அது ஒரே நேரத்தில் நாலு விதமாகத் தாக்கும், தப்பிப்பது கடினம். எல்லாக் குட்டைக்கும் அதையே போட்டாலும் ஒன்றிரண்டை எதுவும் போடாமல் விட வேண்டும். எவற்றை என்று சோதித்துவிட்டுச் சொல்கிறேன்.

முந்திரிப்பூ என் மேஜையில் இருக்கிறது. காய்ந்துவிட்டது.

அழகன்


ஆண்டிமடம்
25 மார்ச் 2024

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் சுகம். வெயில்தான் தாங்கவில்லை.

செல்லதுரையிடம் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப இத்தன வருஷமா நாம போட்டத அதுங்க சத்துமாவுன்னு நெனச்சித் தின்னுக்கிட்டு இருந்திச்சா மேடம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கைத்தெளிப்பானைக் கீழே வைத்தார்கள்.

இந்த முறை நீங்கள் 'எப்போது வருகிறாய்' என்று கேட்கவில்லை. கவனித்தேன்.

அம்மா கேட்டதற்கும் பதில் இல்லை. அதையும் கவனித்தேன்.

உங்களுக்கு மறந்திருக்கும். அல்லது மறக்காமல் இருக்கும். புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று அம்மா காலையில் வந்து இறங்கினாள். அத்தை கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். "சம்பந்தி, கூட்டமா இருக்கு, நீங்க உள்ள சௌகரியமா உக்காருங்க." அந்தப் பின்னறை. ஜன்னல் இல்லை, அரிசி மூட்டைகள். இலையும் அங்கேயே போனது. போட்டோ எடுக்கும்போது, "அம்மா எங்கே?" என்று நான் கேட்டேன். நீங்கள் போட்டோகிராபரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சாயங்காலம் அம்மா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "நல்ல வூடு. அந்த ரூமுக்கு மட்டும் ஒரு சன்னல் வச்சிருக்கலாம்."

மறுநாள் அவளுடன் பஸ் ஏறியவள்தான் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பானு


பெரம்பலூர்
19 மே 2024

அன்புள்ள பானு,

நீயும் அத்தையும் வெயிலுக்குத் தப்பி நலமாக இருக்க வேண்டும். கடிதம் தாமதம். எழுதினேன், கிழித்தேன். அந்தப் பின்னறை பற்றி இப்போது எழுத முடியவில்லை.

புழுக்களைப் பற்றி எழுதுகிறேன். அது முடிகிறது.

எல்லா எண்களையும் பழைய பொடியில் சோதித்தாயிற்று. எல்லாம் பிழைத்துக்கொண்டன. பதினான்கு மட்டும் வேறு. அந்தக் கப்பில் சிறு அளவுக்கே ஒன்று மிச்சமில்லாமல் அடியில் கிடந்தன. திரும்பச் செய்தேன். அதேதான்.

அந்தக் குட்டையில் யாரும் எதுவும் போட்டதே இல்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று விசாரி. காரணம் எதுவானாலும் இனியும் போடாதே. அங்கிருந்து பறக்கும் கொசுக்கள் சுற்றிலும் உள்ளவற்றோடு சேர வேண்டும். கலந்து பிறப்பவை மருந்துக்குச் சாகும். பழைய பொடியை என்றைக்காவது திரும்ப எடுக்க முடியுமென்றால் அது பதினான்கால்தான்.

பக்கத்தில் வீடு இருந்தால் அவர்களுக்குக் கடி அதிகமாக இருக்கும். வலை கொடுக்கச் சொல். சம்மதம் கேள்.

எறையூரில் இரவில் ஆலைச் சங்கு ஊதுவதில்லை இப்போது. அரவை முடிந்துவிட்டது. வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது.

அழகன்


ஆண்டிமடம்
2 ஜூன் 2024

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. ஒரு மழை பெய்து மண் சிவப்பாகக் கரைந்து ஓடியது.

பதினான்கு பற்றி விசாரித்தேன். நீங்கள் நினைத்தது சரி. அங்கே யாரும் மருந்தடித்ததில்லை. குட்டையோரம் ஒரு அம்மா சேப்பங்கிழங்கு போட்டிருக்கிறாள். வீட்டுக் கழிவுநீரில் இலைகள் ஆளுயரத்துக்கு வந்திருக்கின்றன. தெளிப்பானோடு போகிறவர்களையெல்லாம் விளக்குமாற்றோடு துரத்தியிருக்கிறாள். செல்லதுரையும் ஓடியிருக்கிறார். "யார்ரா அவன், எஞ் சேம்புல வெசத்தக் கொட்றவன்! கைய ஒடிச்சி அதுக்கே ஒரமா போட்ருவேன்." அது விஷமில்லை, கிழங்குக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அடித்ததாகக் கணக்குச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார்கள், வருஷக்கணக்காக.

சம்மதம் கேட்டேன்.

"கொசு இருக்கட்டும்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸா?"

"பெரம்பலூர்ல ஒருத்தர் சொல்றாரு."

"அவருக்குக் கொசுக்கடின்னா என்னான்னு தெரியுமா?"

"தெரியாது."

"சேம்புல கை வைக்க மாட்டாருல்ல?"

"மாட்டாரு."

"அப்ப இருந்துட்டுப் போவட்டும்."

வலை கட்டிக் கொடுத்தாயிற்று. சாயங்காலம் வெளியே உட்கார்ந்திருக்கும்போதுதான் கடி. உள்ளே போ என்றால் கேட்பதில்லை. உள்ளே உட்கார்ந்தது போதும் என்கிறாள்.

பானு


பெரம்பலூர்
14 ஜூலை 2024

அன்புள்ள பானு,

நலமா? நான் நலமென்று எழுதுவது பழக்கத்தில்.

புதிய பொடிக்கு எல்லா எண்களும் சாகின்றன. நல்லது. பழைய பொடிக்கு இன்னும் பிழைக்கின்றன. அது மாற மாதங்கள் ஆகும். அவசரப்பட முடியாத வேலை. நமக்குத் தெரியாமல் இருட்டில் எங்கேயோ எதுவோ எதனோடோ சேர வேண்டும். காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்தச் சேம்பு அம்மாவைப் பற்றிக் கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். பெயர் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் அங்கே வந்து அவரைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. நன்றி சொல்லிவிடு.

உன் தாள்களை வரிசையாக வைத்திருக்கிறேன். பாட்டில் ஈரம் பட்டு எல்லாவற்றின் கீழ்மூலையும் சுருண்டிருக்கிறது. உன் பெயர் இருக்கும் மூலை.

அழகன்


ஆண்டிமடம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

தாமதத்துக்குக் காரணம் அம்மா. கடுங்காய்ச்சல். கால் சிவந்து தொடமுடியாமல் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். பரவாயில்லை.

பாட்டில்களைச் செல்லதுரையே நேரில் கொண்டுவருகிறார். பஸ்ஸில் கொடுத்துவிட எனக்கு ஓடியாட நேரமில்லை.

அந்த அம்மாவிடம் நன்றி சொன்னேன். "பெருசா செஞ்சிட்டேன் பாரு" என்றாள்.

பானு


பெரம்பலூர்
11 செப்டம்பர் 2024

பானு,

அத்தை எப்படி இருக்கிறார்? முதலில் அதை எழுது. மற்றதெல்லாம் பிறகு.

செல்லதுரை வந்தார். பாட்டில்களை வரிசையாக வைத்தார். பதினான்கை எடுத்து, "இது மட்டும் பத்தரமா கொண்டாந்தேன் சார், மடியிலயே வச்சிக்கிட்டு" என்றார்.

"அந்த அம்மா சௌக்கியமா?" என்றேன்.

"எந்த அம்மா சார்?"

"சேம்பு அம்மா."

அவர் என்னையே பார்த்தார். "நம்ம அம்மாக்கண்ணு அம்மாதான சார்? மேடத்தோட அம்மா. பதினாலு மேடம் வூட்டுக் கொல்லைதான. ஒங்க மாமியா வூடு ஒங்களுக்குத் தெரியாதா?"

பிறகு அவரே சொன்னார். "கொசு கடிச்ச எடத்தச் சொறிஞ்சி, அது புண்ணாயி, அதுல கிருமி பூந்து காய்ச்சலாம் சார். நாங்க அப்பவே சொன்னோம், யாருக்கும் தெரியாம ஒரு பிடி பொடியப் போட்டுர்றோம் மேடம்னு. கூடவே கூடாதுன்னுட்டாங்க."

கல்யாணத்துக்குப் பின் இரண்டு முறை உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இரண்டு முறையும் வாசலோடு. கொல்லைப்பக்கம் வந்ததில்லை.

நாளைக்கே பதினான்கில் மருந்தடி. சோதனை போனால் போகட்டும். நான் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

பின்னறைக்கு ஜன்னல் வைக்கக் கொத்தனாரை வரச்சொல்லியிருக்கிறேன். தெற்குச் சுவர். கம்பி வலை அடித்து, கொசு வராதபடி. அத்தையிடம் சொல்.

அழகன்


ஆண்டிமடம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

அம்மா எழுந்து நடக்கிறாள். கால் பழைய அளவுக்கு வந்துவிட்டது. பழைய அளவும் பெரிய அளவுதான், அதனால் அவளுக்குத் திருப்தி.

பதினான்கில் மருந்தடிக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நடுவுல நிறுத்துனா இத்தன நாளு கடி வாங்குனதெல்லாம் வீணா?" என்று கேட்டாள். இப்போது சாயங்காலம் ஆனால் கால் இரண்டுக்கும் மெல்லிய துணி சுற்றிவிடுகிறேன். கொல்லைப்பக்கக் கதவுக்கு வலை அடித்தாயிற்று. அடித்தவர் செல்லதுரை. கூலி வாங்கவில்லை, கிழங்கு வாங்கிப் போனார்.

பதினான்கு யாருடைய வீட்டுக் குட்டை என்று நான் ஏன் எழுதவில்லை? தெரிந்தால் நீங்கள் வேறு எண்ணைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். வேறு எண்ணில் பழைய பொடிக்குச் சாகும் புழு இல்லை. இது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவை அம்மா என்று தெரியாமலே நீங்கள் மரியாதையாக எழுதினீர்கள். அதைப் படிக்க எனக்குப் பிடித்திருந்தது.

ஜன்னல் பற்றியும் சொன்னேன். யோசித்தாள்.

"சன்னல் வச்சா அந்த ரூமு முன்னால வந்துருமா?"

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு சேம்புக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டாள்.

பானு


எறையூர்
15 டிசம்பர் 2024

அன்புள்ள பானு,

நீங்கள் இருவரும் நலமென்று செல்லதுரை சொன்னார். உன் கையெழுத்தில் பார்க்காமல் முழுதாக நம்ப முடியவில்லை.

முதலில் முடிவு. பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்து. பதினான்கைச் சுற்றியுள்ள மூன்றும் பழைய பொடிக்கு மீண்டும் சாகத் தொடங்கியிருக்கின்றன. எல்லாம் இல்லை, பாதிக்கு மேல். தூரத்தில் உள்ளவை இன்னும் அப்படியே. அதனால் பழைய பொடியை உடனே எடுக்கக் கூடாது. இனி எப்போதும் ஒன்றையே போடவும் கூடாது, மாற்றி மாற்றித்தான். பதினான்கு அப்படியே இருக்க வேண்டும்.

அந்தக் கப்பைப் பார்த்தபோது ஆய்வுக்கூடத்தில் யாருமில்லை. உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது. போனை எடுத்துவிட்டு வைத்தேன்.

இரண்டாவது. ஜன்னல் முடிந்தது. அத்தை கேட்டதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகக் கரும்புக்காடு தெரிகிறது. அப்போதும் அது பின்னறைதான். போன ஞாயிற்றுக்கிழமை தேக்குக் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்து வந்து வாசற்கதவுக்கு நேராகப் போட்டேன்.

அம்மா வந்து நின்றார்கள்.

"கூடத்துல எதுக்குடா கட்டிலு?"

"பானு அம்மாவுக்கு."

"வர்றவங்க போறவங்க பாப்பாங்களேடா."

"பாக்கட்டும்."

"நான் என்னமோ கெட்டவ மாதிரி... அவங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னுதான அன்னிக்கு உள்ள..."

"அவங்க கூச்சப்படலம்மா. நீ பட்ட. நான் பட்டேன்."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். சாயங்காலம் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது கட்டிலில் புது விரிப்பு. கால்மாட்டில், அம்மா காய் நறுக்க உட்காரும் மணை, மேலே மடித்த போர்வையோடு.

"கால் ஒசத்தி வைக்க இது போதுமா பாருடா. பத்தலன்னா தலாணி ஒண்ணு தைக்கச் சொல்றேன்."

போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

அரவை தொடங்கிவிட்டது. துணியெல்லாம் மறுபடி கரித்தூள். உன் நீலப் புடவை இன்னும் இங்கேதான் இருக்கிறது. தோய்த்து உள்ளேயே காயப்போடுகிறேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அழகன்


ஆண்டிமடம்
5 ஜனவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

நலம். கையெழுத்தில் எழுதிவிட்டேன், நம்புங்கள்.

இந்தத் தாளோடு பாட்டில் இல்லை. முதல் முறையாகத் தாள் மட்டும். கண்டக்டர், "இன்னிக்குப் புழு இல்லியாம்மா?" என்று கேட்டார்.

மணை உயரம் போதாது. தலையணை தைக்கச் சொல்லுங்கள், பஞ்சு இறுக்கமாக இருக்கட்டும். அத்தை தைக்கச் சொல்வதாகச் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டில் எங்கே கிடக்கிறது என்று கேட்டாள். வாசலுக்கு நேராக என்றேன். தெருவில் போகிறவர்கள் தெரிவார்களா என்றாள். தெரிவார்கள் என்றேன்.

நீங்கள் அந்தக் கேள்வியை நிறுத்திப் பல மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் நிம்மதியாக இருந்தது. பிறகு ஒவ்வொரு தாளிலும் கடைசி வரியில் அது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். போன கடிதத்தைச் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே நின்று படித்தேன். கடைசி வரி வரைக்கும். நீங்கள் கேட்கவில்லை. கேட்காததே காதில் விழுந்தது.

பதினான்கைச் செல்லதுரை பார்த்துக்கொள்கிறார். பலகை எழுதி நட்டிருக்கிறார், 'இங்கே மருந்தடிக்காதீர்'. கீழே சின்ன எழுத்தில், 'மீறினால் அம்மாக்கண்ணு அம்மா வருவார்.' நான் இங்கிருந்து மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைக்கத் தாமதமாகலாம். கிடைக்கும்வரை வாரம் ஒருமுறை வந்துபோவேன். அம்மா அங்கே இருப்பாள், காலைக் கழுவ அத்தைக்கும் உங்களுக்கும் சொல்லித் தருகிறேன். விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது.

பொங்கல் கழித்து வருகிறோம்.

நேற்று அம்மா குட்டையோரம் உட்கார்ந்து சேம்பைத் தோண்டிக்கொண்டிருந்தாள். சமைக்க என்று நினைத்தேன். பக்கக் கன்று ஒன்றை வேரோடு எடுத்து ஈரச்சாக்கில் சுற்றினாள். எதற்கு என்றேன். பதிலுக்கு உங்களைத்தான் கேட்கச் சொன்னாள்.

"மாப்ள வூட்ல அடுப்படித் தண்ணி எங்க போயி வுழுவுதுன்னு கேட்டு எழுது. அங்க எவனும் பொடி போடப்படாது, அதையும் சேத்து எழுது."

எழுதிவிட்டேன்.

உங்கள்
பானு